விண்ணிலிருந்து நோக்கினால்: வற்றிய ஒரு கடலின் வரலாறு



வீட்டுக் கிணற்றில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதை எட்டிப் பார்த்து அறிகிறோம். பள்ளிவாசல் ஹவுளில் நீர் குறைந்துவிட்டால், ஒளுச் செய்ய அமர்ந்தவரின் கை எட்டாமற் போவதைக் கொண்டு அறிகிறோம். ஊர் ஏரியின் நிலையை அறியக் கரைமீது ஒருமுறை நடந்து வந்தால் போதும். ஆனால், ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரியாத பரப்புடைய ஒரு கடல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சுருங்குமாயின், அதனை எவர் அளப்பது? கரையில் வாழும் மீனவர் தம் ஊர்த்துறையை விட்டு நீர் விலகிச் செல்வதைக் காண்பார். எதிர்க்கரையில் நிகழ்வதை அவர் அறியார். முழுக் கடலையும் ஒரே நோக்கில் காண வேண்டுமாயின் மிக உயரத்திற்குச் சென்றாக வேண்டும். அவ்வாறு சென்று பார்த்த கண்களைப் பற்றியும், அக்கண்கள் கண்ட ஒரு பெருந்துயரைப் பற்றியும் இம்மாதம் எழுத விழைகிறேன்.

ஜைஹூன், சைஹூன் நதிகளின் கடல்

மத்திய ஆசியாவில், இன்றைய உஸ்பெகிஸ்தானுக்கும் கஸகஸ்தானுக்கும் இடையே அமைந்துள்ளது ஆரல் கடல். பெயர்தான் கடல், உண்மையில் அது நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்ட ஒரு பெரும் ஏரி. தெற்கிலிருந்து ஆமு தர்யாவும், கிழக்கிலிருந்து சிர் தர்யாவும் வந்து அதில் கலந்தன. இஸ்லாமிய வரலாற்று நூல்களைப் பயின்றோர்க்கு இவ்விரு நதிகளும் ஜைஹூன், சைஹூன் என்னும் பெயர்களால் அறிமுகமானவையே. ஜைஹூனுக்கு அப்பாலுள்ள நிலமே மாவராஉன் நஹ்ர். புகாராவும் சமர்கந்தும் அந்நிலத்தின் புகழ்மிகு நகரங்கள். ஆரலை அக்கால அரபுப் புவியியலார் குவாரஸ்ம் ஏரி என்றே குறித்தனர்.

அந்தக் குவாரஸ்ம் மண்ணில் கி.பி. 973இல் பிறந்தவர் அறிஞர் அல்பீரூனி. நகரங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் துல்லியமாகக் கணக்கிடும் முறையை ஒரு தனி நூலாகவே எழுதி 1025இல் நிறைவு செய்தவர். கஸ்னாவிலிருந்து கிப்லாவின் திசையைக் கண்டறியும் கணக்கும் அந்நூலில் அடங்கும். ஜைஹூன் நதி காலப்போக்கில் தன் பாதையை மாற்றிக்கொண்ட செய்தியையும் அவர் அதில் ஆராய்ந்துள்ளார். பூமியின் ஒவ்வோர் இடத்திற்கும் இரண்டு எண்களால் ஒரு முகவரி தரலாம் என்னும் கருத்தே இன்றைய கணினி வரைபடங்களுக்கும் அடிப்படை. ஆகவே, இக்கலை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

1960ஆம் ஆண்டில் ஆரல் கடலின் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவைக் காட்டிலும் அது சற்றுப் பெரிது. உலகின் ஏரிகளுள் நான்காம் இடம் அதற்கிருந்தது. ஆண்டுக்கு 40,000 டன் அளவிற்கு மீன் பிடிக்கப்பட்டது. தென்கரையில் மொய்னாக் என்னும் துறைமுக ஊரும், அங்கு மீனைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் பெரிய ஆலையும் இருந்தன.

வெண்பொன்னுக்குக் கொடுத்த விலை

பருத்தியை அந்நாட்டினர் வெண்பொன் என்பர். பாலைநிலத்தைப் பருத்தி வயலாக்க வேண்டுமெனச் சோவியத் அரசு முடிவு செய்தது. இரு நதிகளின் நீரும் கால்வாய்களில் திருப்பப்பட்டது. 1954இல் தொடங்கப்பட்ட காராகும் கால்வாய் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டது. அதன் பெரும்பகுதிக்குக் காரைப்பூச்சும் இல்லை, மேல்மூடியும் இல்லை. நதியிலிருந்து எடுத்த நீரில் கணிசமான பங்கு வயலைச் சேராமலே மணலுக்கும் வெயிலுக்கும் இரையாயிற்று. கடலுக்கு வந்து சேர்ந்த நீரோ குறைந்துகொண்டே போயிற்று.

விண்ணிலுள்ள கண் காண்பது எவ்வாறு?

1972 ஜூலை 23 அன்று அமெரிக்கா ஒரு செயற்கைக்கோளை ஏவியது. பின்னாளில் லாண்ட்சாட் எனப் பெயர்பெற்ற வரிசையின் முதற்கோள் அதுவே. அவ்வரிசை இன்றுவரை அறுபடாமல் தொடர்கிறது. இப்போது இயங்கும் கோள்கள் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒரே கோள் 16 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்திற்கு மேலே வந்து படமெடுக்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நிலத்தில் 30 மீட்டர் நீள அகலமுள்ள ஒரு சதுரத்தைக் குறிக்கும்.

இது நாம் வீட்டில் எடுக்கும் புகைப்படம் போன்றதன்று. மனிதக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையும் அக்கருவி பதிவு செய்கிறது. நீரின் இயல்பு, அண்மை அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவது; ஆதலின் அப்படத்தில் நீர் கருமையாகத் தோன்றும். பச்சை இலையின் இயல்பு, அதே ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புவது. ஆதலின் பயிர் பளிச்சிடும். வறண்ட மண் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இவ்வேறுபாட்டைக் கொண்டு எது நீர், எது பயிர், எது பாலை எனக் கணினி புள்ளி புள்ளியாகப் பிரித்துவிடுகிறது. பிறகு நீர்ப் புள்ளிகளை எண்ணினால் கடலின் பரப்பு கிடைத்துவிடும். ஒரே கணக்கில் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. கடல் சுருங்குவதைக் காட்டிய அதே படவரிசைதான் பருத்தி வயல்கள் விரிவதையும் காட்டியது. நோயும் நோயின் காரணமும் அருகருகே நின்றன.

பரப்பு தெரிந்தால் போதுமா? மட்டமும் தெரிய வேண்டுமல்லவா? 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ் பொசைடான் என்னும் கோள், ரேடார் அலையைக் கீழே அனுப்பி, அது நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு நீர்மட்டத்தை அளந்தது. கடலுக்கென உருவான அக்கருவி, ஆரல் போன்ற பெரிய ஏரிகளுக்கும் பயன்பட்டது.

இவ்வாறு கிடைத்த செய்திகளை ஒன்றுசேர்ப்பதே புவியியல் தகவல் முறைமை. கண்ணாடித்தாள்களில் ஒன்றில் நதியையும், ஒன்றில் வயலையும், ஒன்றில் ஊர்களையும், ஒன்றில் மண்ணின் உப்பையும் வரைந்து, அனைத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தனித்தனியே நோக்கியபோது தோன்றாத தொடர்பு, அடுக்கிப் பார்க்கையில் தோன்றும்.

கண்ட காட்சி

1987இல் நீர்மட்டம் ஏறத்தாழ 13 மீட்டர் தாழ்ந்துவிட்டிருந்தது. கடல் வடக்கே சிறிய ஆரல், தெற்கே பெரிய ஆரல் என இரண்டாகப் பிளந்தது. 2003 அளவில் தென்பகுதியும் கிழக்கு மடல், மேற்கு மடல் எனப் பிரிந்தது. 2007இல் எஞ்சியிருந்தது பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்கு. 2014 ஆகஸ்டில் எடுத்த நாசாவின் படத்தில் கிழக்கு மடல் முழுவதும் வறண்டு கிடந்தது. ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் அளவில் இருந்த உப்பு, தென்பகுதியில் 100 கிராமையும் தாண்டியது. பெருங்கடல் நீரிலேயே 35 கிராம்தான் உப்பு என்பதை நினைவிற் கொண்டால் இதன் கடுமை விளங்கும். மீன் எவ்வாறு உயிர்வாழும்?

1980களின் தொடக்கத்தில் மீன்பிடித்தொழில் மடிந்தது. மொய்னாக் ஆலையை மூடாமல் வைத்திருக்கத் தொலைதூரக் கடல்களிலிருந்து உறைந்த மீனை இரயிலில் கொண்டுவந்தார்கள் என்றால் அவ்வூர் மக்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். இன்று அவ்வூர்ப் படகுகள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன.

துயர் அத்துடன் நிற்கவில்லை. காய்ந்த கடற்படுகையிலிருந்து உப்புப் புழுதி புயலாக எழுந்தது. 1975இல் அதனை முதலில் கண்டவர்கள் விண்வெளியில் சுற்றிக்கொண்டிருந்த சோவியத் வீரர்களே. பருத்திக்குத் தெளித்த பூச்சிமருந்தின் எச்சமும் அப்புழுதியில் கலந்திருந்தது. கரகல்பாக் மக்களிடையே மூச்சுநோய்களும், தாய்மார்களிடையே இரத்தசோகையும் பெருகின.

வற்றிய படுகையில் ஒரு வியப்பும் காத்திருந்தது. நீருக்கடியில் இருந்த இடத்தில் ஒரு பழைய இஸ்லாமிய அடக்கத்தலத்தின் இடிபாடு வெளிப்பட்டது. இடைக்காலத்தைச் சேர்ந்த அதனைக் கெர்தெரி அடக்கத்தலம் என்பர். மனிதர் வாழ்ந்த நிலமாகவும் அவ்விடம் ஒருகாலத்தில் இருந்திருக்கிறது. ஆமு தர்யா பாதை மாறிய காலங்களில் ஆரல் முன்பும் சுருங்கியதுண்டு. ஆயின் இம்முறை நதி தானாகத் திரும்பவில்லை, திருப்பப்பட்டது.

மீண்ட பாதியும் மீளாத பாதியும்

வாசகர்களே, இவ்வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த இடம் ஒன்றுண்டு. சிர் தர்யாவின் கரையில் உள்ளது பைக்கனூர் ஏவுதளம். 1957இல் உலகின் முதற் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் அங்கிருந்துதான் புறப்பட்டது. நம் நாட்டின் தொலையுணர்வுக் கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ, 1988 மார்ச் 17 அன்று விண்ணேறியதும் அங்கிருந்தே. பூமியை நோக்கும் கண்கள் எந்த நதிக்கரையிலிருந்து மேலே சென்றனவோ, அதே நதி தன் கடலைச் சேர இயலாமல் தவித்தது. அறிவு இல்லாமையால் இக்கேடு நேரவில்லை. 1972 முதல் படங்கள் இருந்தன. 1988இல் அமெரிக்கப் புவியியலாளர் பிலிப் மிக்லின் அறிவியல் இதழில் விரிவாக எழுதி உலகின் கவனத்தை ஈர்த்தார். காட்சி தெளிவாக இருந்தது. செயலாற்றும் மனம்தான் தாமதித்தது.

செயல் நிகழ்ந்த இடத்தில் பலன் கிடைத்தது. வடக்கு ஆரலிலிருந்து நீர் தெற்கே வழிந்து வீணாவதைத் தடுக்க, அப்பகுதி மக்கள் 1990களில் மண்கரை எழுப்பினர். 1999இல் அது உடைந்தது. பின்னர் கஸகஸ்தான் அரசும் உலக வங்கியும் சேர்ந்து, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள கோக் ஆரல் அணையை 2005இல் கட்டி முடித்தன. எதிர்பார்த்ததைவிட விரைவாக, 2006ஆம் ஆண்டிலேயே நீர்மட்டம் 42 மீட்டரை எட்டியது. உப்பு குறைந்தது, நன்னீர் மீன்கள் திரும்பின, மீனவர் மீண்டும் வலையெடுத்தனர். தென்பகுதிக்கு அப்பேறு கிட்டவில்லை. அங்கே உஸ்பெகிஸ்தான் இப்போது காய்ந்த படுகையில் சாக்ஸால் என்னும் பாலைமரத்தைப் பெருமளவில் நட்டுப் புழுதியை அடக்க முயல்கிறது. எங்கே மரம் வேரூன்றியது, எங்கே பட்டுப்போனது என்பதைக் காட்டவும் அதே செயற்கைக்கோள் படங்களே துணை.

ஒன்றை மறத்தலாகாது. படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மேகம் மறைத்தால் சாதாரணக் கருவிக்குக் கண் தெரியாது. உப்புப் படலம் மின்னுவதும் ஈரச் சேறு கருப்பதும் கணக்கைக் குழப்பும். எனவே ஆய்வாளர் நிலத்தில் இறங்கி நடந்து சரிபார்த்தே ஆக வேண்டும். அங்குள்ள ஒரு குழந்தையின் இருமல் எப்படத்திலும் பதிவதில்லை.

நமக்கும் இதில் பங்குண்டு

ஆரல் எங்கோ இருக்கிறது என்று அமைதி கொள்ள இயலாது. 1984 முதல் 2015 வரை எடுத்த 30 இலட்சம் லாண்ட்சாட் படங்களை ஐரோப்பிய ஆய்வாளர்கள் அலசி, 2016இல் முடிவை வெளியிட்டனர். அக்காலத்தில் உலகில் ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீட்டர் நிலையான நீர்ப்பரப்பு மறைந்துபோயிற்று. அவ்விழப்பில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட பங்கு மத்திய ஆசியாவையும் மேற்காசியாவையும் சார்ந்தது.

கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீரையும் இன்று விண்ணிலிருந்து எடைபோடுகிறார்கள். 2002இல் ஏவிய கிரேஸ் என்னும் இரட்டைக் கோள்கள் ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே நீர் மிகுந்தால் ஈர்ப்பு மிகும், குறைந்தால் குறையும். அதற்கேற்ப இரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் நுண்ணிய அளவில் மாறும். இம்மாற்றத்தைக் கொண்டு, இராஜஸ்தான், பஞ்சாப், அரியானா, டெல்லிப் பகுதியில் 2002க்கும் 2008க்கும் இடையே 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்துவிட்டதைக் கணக்கிட்டனர். மேட்டூர் அணையை நாற்பது முறைக்கு மேல் நிரப்பக்கூடிய நீர் அது! 2019 கோடையில் சென்னையின் புழல் ஏரி வறண்டதையும் செயற்கைக்கோள் படங்களில் உலகமே பார்த்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவம், பொறியியல் என்று இரண்டே பாதைகளை நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். புவியியல் என்றால் கலைப்பாடம், அதனால் பயனில்லை என எண்ணுவோர் பலர். நீர், பயிர், நகரம், பேரிடர் என எத்துறையிலும் வரைபடம் வாசிக்கத் தெரிந்தவர் தேவைப்படுகிறார். அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு நிறுவனம் இருக்கிறது. புவித்தகவலியல் பட்டப்படிப்பும் உண்டு. டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் வீட்டிலிருந்தே பயிலும் பாடங்களை இலவசமாக வழங்குகிறது. லாண்ட்சாட் படங்களும் 2008 முதல் எவருக்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. மகன் மட்டுமன்று, மகளும் வீட்டிலுள்ள கணினியில் தம் ஊர்க் கண்மாயின் நாற்பதாண்டு வரலாற்றைப் படமாகக் காணலாம்.

அவ்வாறு காணும்போது, எங்கோ ஒரு மூலையில் கரை உள்வாங்கியிருப்பதும், நீர் நின்ற இடத்தில் கூரைகள் முளைத்திருப்பதும் தெரியவரலாம். தெரிந்தபின் அப்படத்தை ஊராட்சியிடமும் ஜமாஅத்தாரிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள். வடக்கு ஆரலின் மக்கள் முதலில் மண்ணைத்தான் அள்ளிப் போட்டார்கள். அணை அதன்பிறகே வந்தது.