செய்து கற்கும் வேதியியல்

பொருள்களின் இயல்பையும் மாற்றத்தையும் ஆராய்வது வேதியியல். அதனை ஏட்டில் படித்து மனப்பாடம் செய்தால் மட்டும் போதும் என்று கருதுவோர் பலர். நீரில் இறங்காதவன் நீந்தக் கற்பதில்லை; பொருள்களைக் கையாளாதவன் வேதியியல் கற்பதும் இல்லை.

இலண்டன் மாநகரிலுள்ள ராயல் கழகத்தில் 1825ஆம் ஆண்டில் இளைஞர்க்கான கிறிஸ்துமஸ் காலச் சொற்பொழிவுகள் தொடங்கின. அங்கு மைக்கேல் பாரடே என்னும் அறிஞர் ஒரு மெழுகுவத்தியைக் கொண்டே வேதியியல் உண்மைகள் பலவற்றை விளக்கிக் காட்டினார். அது பெருந்தொண்டே. எனினும், அங்கே சோதனை செய்தவர் ஆசிரியர், மாணவர் கண்டவரே. காண்பதினும் செய்வது சிறந்தது.

அச்சிறப்பை மத்தியப் பிரதேசத்துப் பள்ளிகள் மெய்ப்பித்தன. இன்று நர்மதாபுரம் எனப்படும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. 1978இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. மாணவர் சிறு குழுக்களாய் அமர்ந்து தாமே சோதனை செய்தனர். கண்டதைத் தாமே எழுதினர். காரணத்தைக் கூடி ஆராய்ந்தனர். தேர்வின்போது புத்தகத்தைப் பார்க்கவும் இசைவு தரப்பட்டது. மனப்பாடத்தை அன்றிச் சிந்தனையையே தேர்வு அளந்தது. 2002இல் அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆயினும் அது காட்டிய நெறி இன்றும் பயன்படத்தக்கதே.

இதற்குப் பொருட்செலவு மிகுதி என்பர் சிலர். மஞ்சள் கறை படிந்த துணியில் சவர்க்காரம் தேய்த்தால் கறை சிவக்கின்றது. எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகின்றது. செம்பருத்திப் பூவின் சாறோ அமிலத்தில் சிவந்தும் காரத்தில் பசுமையாகவும் தோன்றுகின்றது. இவற்றுக்கு ஆகும் செலவு சில காசுகளே. மஞ்சளும் செம்பருத்தியும் வெவ்வேறு வகையில் மாறுவது ஏன் என்று மாணவன் கேட்பான். அவ்வினாவை எழுப்புவதே கல்வியின் பயன்.

தீங்கு நேரும் என்று அஞ்சுவோரும் உளர். ஆசிரியர் அருகிருந்து கண்காணித்தல் வேண்டும். அறியாத பொருளைச் சுவைத்தலும் முகர்தலும் கூடாது. இவ்வெச்சரிக்கையும் செய்து பழகுவோர்க்கே கைவரும்.

ஆதலின், ஒவ்வொரு பள்ளியும் வாரம் ஒரு பாடவேளையேனும் சோதனைக்கு ஒதுக்குதல் வேண்டும். கையால் செய்து, கண்ணால் கண்டு, அறிவால் ஆராய்ந்து பெற்ற உண்மை வாழ்நாள் முழுவதும் நிலைக்கும்.