ஜீவனாம்சத்துக்கும் வாய்தாவா?

லோக் அதாலத் நடந்த மறுநாள் மைசூரு நாளேடுகளில் அடிக்கடி ஒரு படம் வருகிறது. விவாகரத்து கேட்டு வந்த தம்பதியர் நீதிபதிகள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். சேர்ந்தவர்கள் நன்றாக வாழட்டும். சமரசத்துக்கு முயல்வது 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டம் நீதிமன்றத்துக்கு இட்ட கடமையும்கூட. ஆனால், சேரவே முடியாது என்றாகிவிட்டவர்களின் கதி என்ன? அவர்கள் கையில் மிஞ்சுவது அடுத்த வாய்தா தேதி.

இந்தத் தாமதத்துக்கான பழியைச் சட்டத்தின் தலையில் கட்ட முடியாது. நோட்டீஸ் சார்வு செய்யப்பட்ட 6 மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 21பி பிரிவு. இடைக்கால ஜீவனாம்ச மனுவை இயன்றவரை 60 நாளில் முடிக்கச் சொல்கிறது 24ஆம் பிரிவு. விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைப்பு கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். பரஸ்பர சம்மத வழக்குகளில் 6 மாதக் காத்திருப்பைத் தகுந்த சூழலில் தளர்த்தலாம் என்று 2017இலேயே உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2016இல் தொடுத்த வழக்கு 7 ஆண்டாகியும் முடியாததைக் கண்ட கர்நாடக உயர் நீதிமன்றம், மண வழக்குகளைப் போர்க்கால வேகத்தில் நடத்தி ஓராண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 2023இல் கண்டிப்புடன் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் தாமதம் தொடர்ந்தால், அதற்குப் பெயர் அலட்சியம்.

இழுத்தடிக்கும் வித்தைகள் நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் அறிந்தவை. சம்மனை வாங்காமல் நழுவுவது, பதிலுரைக்கு நாள் கேட்டுக்கொண்டே இருப்பது, குறுக்கு விசாரணையன்று வக்கீல் வராமல் போவது. இதில் லாபம், சம்பாதிப்பவருக்கு. நஷ்டம், குழந்தையோடு பிறந்த வீட்டில் ஒண்டியிருப்பவருக்கு. பள்ளிக் கட்டணமும் வாடகையும் வாய்தா கேட்பதில்லை. இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும், மனுப் போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் வகுத்தது. ஆனால், உத்தரவு வந்த பின்பும் பணம் வராவிட்டால் அதை வசூலிக்க இன்னொரு மனு, இன்னொரு சுற்று வாய்தா.

எல்லை தாண்டிய திருமணங்களில் கொடுமை இரட்டிப்பு. மைசூரில் வாழ்க்கைப்பட்டு ஈரோட்டுக்குத் திரும்பிய பெண்மீது கணவர் மைசூரில் வழக்குப் போட்டால், அதைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற அந்தப் பெண் உச்ச நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலை ஏறி இறங்க வேண்டும்.

1933இலேயே இந்துப் பெண்களின் உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றிய சமஸ்தானம் மைசூர். அந்த மண்ணில் ஒரு பெண் தன் சாப்பாட்டுச் செலவுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்வது வெட்கக்கேடு.

செய்ய வேண்டியவை தெளிவானவை. 60 நாளைத் தாண்டும் ஒவ்வொரு ஜீவனாம்ச மனுவுக்கும் எழுத்தில் காரணம் பதிவாக வேண்டும். உயர் நீதிமன்றம் அதை மாதந்தோறும் ஆராய வேண்டும். மூன்றாவது வாய்தாவுக்குப் பின் அவகாசம் கேட்பவர், எதிர்த்தரப்பின் பயணச் செலவையும் நாள்கூலியையும் அன்றே செலுத்த வேண்டும். பிரமாணப் பத்திரம் தராதவரின் எதிர்வாதத்தை நீக்கத் தயங்கக் கூடாது. வெளியூர்க்காரர் கேட்டால் காணொலி விசாரணைக்கு இடம் தர வேண்டும். மாநில அரசு நீதிபதி, ஆலோசகர் பணியிடங்களைக் காலியாக விடக் கூடாது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதை நீதிமன்ற வாசலில் கன்னடத்தோடு தமிழிலும் உருதுவிலும் எழுதி வைக்க வேண்டும்.

வழக்கறிஞர் சங்கங்களுக்கும் ஒரு சொல்: கட்சிக்காரருக்காக வாதாடுவது தொழில், குழந்தையின் சோற்றை நிறுத்திவைக்கத் துணைபோவது தொழில் அல்ல.

மணமுறிவை வழங்குவதா மறுப்பதா என்பது நீதிபதியின் முடிவு. அந்த முடிவை உரிய காலத்தில் பெறுவது மனுதாரரின் உரிமை. அதை இனியும் தள்ளிப்போட யாருக்கும் அதிகாரமில்லை.