அந்நிய விமானமும் இலவசக் குடையும்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ கம்பெனி ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தப்பட்டிருந்தது. விதி வருவது கம்பெனிக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் போதிய ஏற்பாடு செய்யவில்லை. பிரயாணிகள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். சர்க்கார் என்ன செய்தது? கம்பெனிக்கு ஓய்வு விதிகளில் தற்காலிகச் சலுகை தந்தது!

உள்நாட்டு விமானப் போக்குவரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரே கம்பெனியின் கையில் இருந்தால் வேறென்ன நடக்கும்? இதற்கு மருந்தாக ஒரு யோசனை சொல்கிறார்கள். அந்நியக் கம்பெனிகளும் மதுரையிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து டில்லிக்கு ஆள் ஏற்றட்டும். போட்டியில் கட்டணம் குறையுமாம்.

கட்டணம் கொள்ளைதான். தீபாவளிக்கு ஆம்னி பஸ்ஸில் ஊர் வந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நியக் கம்பெனி குறைக்கும் கட்டணம் எத்தனை நாளைக்கு?

நம் பக்கத்துத் தூத்துக்குடியைப் பாருங்கள். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கொழும்புப் பாதையில் ஏகபோகமாய் இருந்த வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி உடனே கட்டணத்தை வெட்டியது. இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்பார்கள். 1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்திய வ.உ.சி. சிறைக்குப் போனார். வார விடுமுறையும் அந்த மில் தொழிலாளரின் கோரிக்கைகளில் ஒன்று. 1911-க்குள் சுதேசிக் கம்பெனி மூடப்பட்டது. குடை கொடுத்தவன் அதன்பின் யாருக்கும் குடை கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஐரோப்பிய யூனியன் நாடுகள் 1997 முதல் ஒருவர் நாட்டுக்குள் மற்றவர் விமானம் ஓட அனுமதிக்கின்றன, உண்மை. அங்கே எல்லா நாட்டுக்கும் அந்த உரிமை பரஸ்பரம் உண்டு; பொதுச் சட்டமும் உண்டு. நம்மிடம் கேட்பதோ ஒருவழிக் கதவு. அந்நிய விமானம் உள்நாட்டில் ஆள் ஏற்றுவதை மறுக்க 1944 சிகாகோ ஒப்பந்தத்தின் 7-வது ஷரத்து ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை தருகிறது. அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

1953-ல் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமையாயின. 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவை டாட்டாவிடம் ஒப்படைத்தார்கள். விலை 18,000 கோடி ரூபாய். விற்பனையில் சேராமல் மிஞ்சியது அலையன்ஸ் ஏர் என்ற சிறு கம்பெனி. ஏகபோகத்தை அடக்கும் கருவியைத் தானே விற்றுவிட்டு, அந்நியனைக் கூப்பிடும் யோசனைக்குச் சர்க்கார் காது கொடுக்கலாமா?

பொதுத்துறை விமானங்களைப் பெருக்கு. கட்டணத்துக்கு நிரந்தர உச்சவரம்பு வை. விமானியின் ஓய்வு மணியில் கை வைக்காதே. களைத்த கையோடு மருந்து அள்ளினால் என்ன ஆகும் என்று சிவகாசியில் கேட்டால் தெரியும்.