கடைசி இடம் ரசிகரின் குற்றமா?

'ஹைதராபாத்காரர்களுக்குக் கிரிக்கெட் போதும். அதனால்தான் ஹைதராபாத் எஃப்சி கால்பந்து அணி டெல்லிக்குப் போனது' என்கிறார்கள். 2022 மார்ச்சில் ஃபத்தோர்டாவில் கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்டியில் வீழ்த்தி ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கிய அணி அது. கோல்கீப்பர் கட்டிமணி மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். அதே அணி 2023-24இல் 22 ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் வென்று கடைசிக்குப் போனது ரசிகர்களாலா? சம்பளப் பாக்கியால். வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள்; புதியவர்களைச் சேர்க்க ஃபிஃபா தடை போட்டது. மிஞ்சிய இளைஞர்கள்தான் சென்னைக்கே வந்து சென்னையின் எஃப்சியை 1-0 என வென்றார்கள். தோற்றது நம் அணிதான். ஆனாலும் அந்த வெற்றியை மதிக்கிறேன்.

தரமிறக்கம் இல்லாததால் அணி பிழைத்தது என்பதும் பொய். அடுத்த நிலையான ஐ-லீக்குக்கு இறங்கியிருந்தால் அங்கிருந்து ஏறி வர ஒரு வழியாவது இருந்திருக்கும். 2025இல் ஊரே பறிபோனதே, அதிலிருந்து எந்த வழியில் ஏறுவது?

1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கோப்பையை விடாமல் வென்ற ஹைதராபாத் சிட்டி போலீஸின் ஊர் இது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் ஊர். வரும் பருவத்தைப் பற்றிப் பேசுவதானால் இதே ஊரின் ஸ்ரீநிதி டெக்கானிலிருந்து தொடங்குங்கள். 2022-23, 2023-24 இரண்டிலும் ஐ-லீக்கில் இரண்டாமிடம் பிடித்த அணி அது.