ஏழையின் வீட்டைத் திருடாதே! திருட விடாதே!

 

ஒழுகும் குடிசையில் பிள்ளைகளோடு விடிய விடிய விழித்திருக்கும் ஒரு விதவை. அவளுக்குச் சேர வேண்டிய தொகுப்பு வீடு, ஏற்கெனவே மாடி வீடு உள்ளவனுக்குப் போகிறது. இது அதிகாரியின் குற்றம் மட்டும்தானா? நமக்குப் பங்கில்லையா?

1985ல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் 2016ல் பிரதமரின் வீடு வழங்கும் திட்டமாக மாறியது. அப்போது சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024ல் வந்தபோது தொகை 3,50,000 ரூபாய். வேலை நடப்பதைப் படம்பிடித்து ஏற்றிய பிறகே தவணை வரும். ஆனால் பழைய வீட்டுக்கு வெள்ளையடித்துப் படமெடுக்கவும், வசதியுள்ளவனை ஏழையாக எழுதவும் ஒரு புரோக்கர் போதும். அவனுக்குப் பாஸ்புக் இரவல் கொடுக்க ஓர் ஆள் போதும்.

2020ல் விவசாயிகளுக்கான பி.எம். கிசான் திட்டத்தில் நடந்ததை மறந்தீர்களா? தமிழகத்தில் தகுதியற்ற ஐந்தரை லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய் போனதாக அரசே அறிவித்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. புரோக்கரை நம்பிக் கணக்கைக் கொடுத்தவர்களிடமே பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது.

கைபரிலிருந்து திரும்பும்போது அம்பு பட்டு இறந்த ஊழியரை "சுவர்க்கவாசி" என்று மக்கள் வாழ்த்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். பங்கிடும் முன் பொதுப் பொருளிலிருந்து அவர் எடுத்த போர்வை அவர்மீது நெருப்பாய் எரிகிறது என்றார்கள். அதைக் கேட்ட ஒருவர், தாம் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். ஒரு போர்வைக்கே இந்த நிலை என்றால், ஒரு வீட்டுக்கு?

வணிகச் சகோதரரே! பயனாளிக்கென்று வந்த அரசு சிமெண்டும் கம்பியும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர். அது ஹராம். லஞ்சம் கொடுத்தாவது வீடு வாங்கலாம் என்பவரே! வாங்குபவனோடு கொடுப்பவனையும் மார்க்கம் சபிக்கிறது. 2018ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டமும் கொடுப்பவனைக் குற்றவாளி என்கிறது. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம்.

பிரதமர் திட்டத்தின் நிதியில் இயன்றவரை 15 விழுக்காடு சிறுபான்மையினருக்கு என்று விதி இருக்கிறது. நம்மவர் ஒருவர் பொய் சொல்லி வீடு வாங்கினால், பறிபோவது நம் ஏழையின் பங்கு. அதன் பிறகு உரிமை கேட்டுக் கலெக்டர் அலுவலகம் போக நமக்கு எந்த முகம் இருக்கும்? "நம்ம ஆள்" என்று மூடி மறைப்பது சமுதாயப் பற்றல்ல, துரோகம். பெற்றோருக்கே எதிரானாலும் நீதியில் நிலைத்திருக்கத் திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது.

பாப்பிரெட்டிப்பட்டி ஒன்றியத்து இளைஞர்களே! பொம்மிடியானாலும் மெணசியானாலும் உங்கள் ஊராட்சியின் கிராம சபைக்குப் போங்கள். பயனாளிகள் பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும். நேரில் பார்த்து உறுதி செய்யாமல் எவர்மீதும் பழி சுமத்தாதீர்கள். உறுதியானால் கலெக்டருக்கும் லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். விடுபட்ட ஏழை எந்த மதத்தவராயினும் அவருக்காக மனு எழுதுங்கள்.

தவறாகப் பெற்றவர் இன்றே திருப்பிக் கொடுக்கட்டும். செருப்பு வாரைக் கொண்டுவந்தவருக்கு அன்று நேரம் இருந்தது. நமக்கு நாளை இருக்குமா என்பதை அல்லாஹ்வே அறிவான்.