டெக் போட அனுமதி வேண்டாம்... சரி, சுவர் என்ன ஆகும்?

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் மரத்தளம், அதாவது ‘டெக்’ போட பெரும்பாலும் அனுமதி வாங்க வேண்டாம். உயரம் 30 செ.மீ. தாண்டக்கூடாது, மற்ற கூடுதல் கட்டுமானங்களோடு சேர்த்து தோட்டத்தில் பாதிக்கு மேல் அடைக்கக்கூடாது.

சிக்கல் என்னன்னா, அந்த 30 செ.மீ. பக்கத்து வீட்டுக்காரரின் பிரைவசிக்கான கணக்கு. சுவரின் கணக்கு வேற. தரை ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு, வழக்கமாக தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். டெக்கை 25 செ.மீ. உயரத்தில் சுவரோடு ஒட்டிப் போட்டால் சட்டப்படி ஓகே. ஆனால் பலகையில் தெறிக்கும் மழைநீர், அந்த அடுக்குக்கு மேலே உள்ள செங்கல்லை நனைக்கும். காற்றுத்துளைகளும் அடைபட்டால் வீட்டுக்குள் மரத்தரையே இற்றுப்போகலாம்.

வாசலோடு சமமாக இருந்தால் போட்டோவுக்கு அழகுதான். ஆனாலும் தாழ்வாக, இடைவெளி விட்டு, தனித் தூண்களில் நிறுத்துவதே புத்திசாலித்தனம். 30 செ.மீ. விதியைச் சொல்லும்போதே இதையும் சொல்லிடலாமே!