ஒரு பிடி அரிசி

கடையநல்லூர், சுரண்டை, சங்கரன்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வயதான பாட்டிமார்களிடம் ‘பிடி அரிசி’ என்று சொன்னால் போதும், விளக்கம் தேவைப்படாது. உலையில் போட அரிசியை அளந்து எடுத்ததும், அதிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். சேர்ந்த அரிசி கோயிலுக்குப் போகும். அங்கே அதை விற்று வரும் பணம் ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் உதவும்.

பார்ப்பதற்குச் சின்னக் காரியம். ஆனால் இந்தச் சின்னக் காரியத்துக்குள் பெரிய பாடம் இருக்கிறது. அந்தப் பிடி, சாப்பிட்டு மிஞ்சியதிலிருந்து எடுக்கப்படுவதில்லை. வீட்டாருக்கு என்று அளந்த அரிசியிலிருந்தே எடுக்கப்படுகிறது. அன்றைக்கு எல்லாரும் ஒரு கவளம் குறைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்தக் குறைவுதான் காணிக்கை.

இப்படிக் கொடுப்பதன் அருமையை அறிந்த ஒருவர் இதே நெல்லைச் சீமையில் பிறந்தார். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் இந்தியரே கொடுத்து, இந்தியரே போய், இந்தியரே நிர்வகிக்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை. நெல்லைச் சபைகள் கொடுத்த காணிக்கையில், நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்கு, மொழி தெரியாத தெலுங்கு நாட்டுக்கு, ஊழியர்கள் போனார்கள். அசரியாவும் பிறகு அங்கே போனார். 1912-ல் அந்தப் பகுதிக்குப் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

தோர்ணக்கல் சபையில் பெரும்பாலானவர்கள் நிலமில்லாத, தாழ்த்தப்பட்ட மக்கள். நாள் கூலியில் வயிறு கழுவுகிறவர்கள். அவர்களிடம் போய்க் காணிக்கை கேட்பது நியாயமா என்று யாருக்கும் தோன்றும். அசரியா வேறு விதமாக நினைத்தார். ஏழை என்பதற்காக ஒருவரை வாங்குகிறவராகவே வைத்திருந்தால் அவர் தலை நிமிரவே முடியாது. கொடுக்கக் கற்றுக்கொண்ட அன்றைக்கு அவரும் சபையின் சொந்தக்காரர் ஆகிறார். அதனால் அங்கேயும் பெண்கள் சமைக்கும்போது ஒரு பிடி தானியம் எடுத்து வைத்தார்கள். வட கிழக்கே மிசோரத்தில் 1910-ல் தொடங்கிய இதே பழக்கம் இன்றைக்கும் அங்குள்ள சபைகளைத் தாங்கி நிற்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிடி அரிசி பெண்களின் காணிக்கை. சம்பளம் இல்லாத, கையில் காசு புழங்காத ஒரு தாய்க்கும் அரிசிப் பானை மேல் அதிகாரம் இருந்தது. யாரிடமும் கேட்காமல் அவளால் கொடுக்க முடிந்தது. இன்றைக்குக் கவரில் வைத்தோ, செல்போனில் ஸ்கேன் செய்தோ அனுப்பிவிடுகிறோம். வசதிதான், தவறு இல்லை. ஆனால் பல வீடுகளில் சம்பாதிக்கிற ஒருவர் மட்டும் கொடுக்கிறார். மற்றவர்களுக்கு அதில் பங்கு இருப்பதில்லை. தினமும் நினைத்துக் கொடுத்தது, மாதம் ஒரு முறை முடிந்துவிடுகிற வேலையாகிவிட்டது.

வேதாகமத்தில் சாறிபாத் ஊர் விதவையின் கதை உண்டு. பானையில் ஒரு பிடி மாவு, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய். பஞ்ச காலம். வாசலில் வந்து நின்ற எலியாவோ வேறு நாட்டுக்காரர். தனக்கும் மகனுக்கும் கடைசியாக இருந்ததில் அவருக்கு முதலில் அப்பம் சுட்டுக் கொடுத்தாள். மழை வரும்வரை மூவருக்கும் சாப்பாடு குறையவில்லை. கொடுத்தவள் ஒரு தேசம், வாங்கியவர் ஒரு தேசம். பசிக்கு முன்னால் அந்த வேறுபாடு நிற்கவில்லை.

கடையநல்லூர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிப் போகிறவர்கள் எல்லாரும் முஸ்லிம்கள் அல்ல. நெல்லைப் பக்கத்துத் தேவாலயங்களில் அசனம் நடக்கும்போது பந்தியில் உட்காருகிறவர்களிடம் யாரும் மதம் கேட்பதில்லை. காஞ்சிப் பெரியவரும் பிடி அரிசித் திட்டத்தை வலியுறுத்தியவர்தான்.

இதில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. பெரிய தொகை கொடுத்தவர் பெயர் கல்லில் ஏறுகிறது. பிடி அரிசி கொடுத்தவளுக்குக் கல்வெட்டு இல்லை. அதனால்தான் அந்தப் பணத்துக்கு இன்னும் கவனமாகக் கணக்கு வைக்க வேண்டும். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த இயேசு, பணக்காரர்கள் போட்டதையும் பார்த்தார். ஆனால் சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டியது இரண்டு காசு போட்ட விதவையைத்தான்.

ஒரு பிடி ஐம்பது கிராம் என்று வைத்துக்கொண்டால், மாதம் ஒன்றரைக் கிலோ. நூறு வீடுகள் சேர்ந்தால் 150 கிலோ. தெருவில் தனியாக இருக்கும் முதியவர்கள் சிலருடைய அடுப்பு எரிய இது போதும். சமையலறையில் இடம் அடைக்காத ஒரு டப்பா போதும். அதில் அரிசி போடும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். கொடுக்கிற பழக்கம் சின்னக் கையில் தொடங்கினால் கடைசிவரை கூடவே வரும்.